மதுரை மலைகளைத் தேடி வந்த ஆய்வாளர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரையில் டிராவல்ஸ் கார் ஓட்டுகிறேன். வெளியூர்க்காரர்கள் வந்தால் மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், அழகர்கோவில், நேரம் இருந்தால் கீழடி. இதுதான் வழக்கமான சுற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை எனக்கு வேறு மதுரையைக் காட்டிவிட்டுப் போனார். ஓய்வு பெற்றவர், கல்வெட்டு படிப்பவர். அநுராதபுரம், பொலன்னறுவை, பர்மாவில் பகான், ஜாவாவில் போரோபுதூர், சீனாவில் சுவான்சௌ என்று பல இடங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. இப்படிப்பட்டவர்களைச் சந்தித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

அழகர்கோவிலில் இறங்கியவர், "சாமியைக் கும்பிட்டிட்டு வாறன் தம்பி, பிறகு கிடாரிப்பட்டிக்கு விடுங்கோ" என்றார். அழகர் மலையின் அந்தப் பக்கம் இருக்கும் குகையை எங்கள் ஆட்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாறையில் வரிசையாகப் படுக்கை வெட்டி, தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு விட்டிருப்பார்கள். அவ்வளவுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவரோடு மேலே ஏறினேன்.

அவர் படுக்கையை முதலில் பார்க்கவே இல்லை. குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருக்கிறது. அதன் ஓரமாக எழுத்தைத் தேடினார். கண்டுபிடித்ததும் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல எனக்குச் சிலிர்த்துவிட்டது. மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன். உப்பு வணிகன் வியக்கன். பாணித வணிகன் நெடுமூலன், அதாவது கருப்பஞ்சாற்றுப் பாகு விற்றவர். கொழு வணிகன் எளசந்தன், ஏருக்குக் கொழு விற்றவர். துணி விற்ற அறுவை வணிகன் ஒருவர். எல்லாம் தமிழி எழுத்து, அதாவது தமிழ்ப் பிராமி. சமணத் துறவிகள் தங்குவதற்காக இவர்கள் சேர்ந்து செய்துகொடுத்த இடம் அது.

"இதிலை ராசா பேர் ஒண்டும் இல்லை, பாத்தீங்களோ? எந்த நாட்டுக்குப் போனாலும் நான் முதல்லை குடுத்தவையின்ர பேரைத்தான் தேடுவன்" என்றார். கோபுரத்தையும் தூபியையும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அந்த இடம் எழும்பக் காசு கொடுத்த உப்புக்காரனையும் கப்பல்காரனையும் யாரும் கேட்பதில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் அப்பா கீழமாசி வீதியில் மளிகைக்கடையில் வேலை பார்த்தவர். உப்பு வணிகன் என்று கேட்டதும் அவர் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த நாள் திருப்பரங்குன்றம். வெயில் சாயட்டும் என்று மலையடிவாரத்திலேயே காத்திருக்க வைத்தார். உச்சிவெயிலில் எழுத்து பாறையோடு பாறையாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. குகைக்குள் போனதும் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். நேராக அடித்தபோது வெறும் பாறை. சாய்த்துப் பிடித்ததும் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்து, எழுத்தெல்லாம் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அதில் ஒரு வரி, எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் பொலாலையன் கொடுத்தது என்கிறது. சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய எழுத்து. ஈழத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு குடும்பஸ்தர் மதுரைக்குப் பக்கத்தில் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்!

பேராசிரியை அம்மா அங்கேயே போனை எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அண்ணனை அழைத்தார். சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. குகை வாசலுக்கு வந்து, எழுத்து எழுத்தாகச் சத்தமாக வாசித்துக் காட்டினார். "எங்கட ஆள் ஒருத்தர் இஞ்ச இருக்கிறார் அண்ணை" என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இறங்கும்போது அநுராதபுரத்தைப் பற்றிச் சொன்னார். அபயகிரி விகாரைக்குப் பக்கத்தில் ஒரு பாறை மேடை இருக்கிறதாம். பிராகிருதத்தில், பிராமி எழுத்தில் கல்வெட்டு. தமிழ்க் குடும்பஸ்தர்களின் மண்டபம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பரணவிதான என்ற இலங்கை அறிஞர் 1940-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஆசனத்துக்கு ஆசனம் பெயர் வெட்டியிருக்கிறார்களாம். அதில் ஒருவர் கப்பல்காரர். அங்கே தமிழர் கட்டிய மண்டபம், இங்கே ஈழத்தார் கொடுத்த படுக்கை. இரண்டையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை.

*

மேலூர் பக்கத்து ஆசிரியை எழுதுகிறேன்.

அண்ணன் எழுதியதைப் படித்ததும் மாங்குளம் நினைவுக்கு வந்தது. மீனாட்சிபுரத்து மலைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தபோது, வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஓர் ஆய்வாளரைப் பார்த்தோம். பழைய காலத்துச் சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் போன வழியிலேயே போய்க்கொண்டிருப்பவர். நாளந்தா, அமராவதி, காஞ்சிபுரம் முடித்துவிட்டு இங்கே வந்திருந்தார். யுவான் சுவாங் கி.பி. 640 வாக்கில் காஞ்சியில் இருந்தார். பாண்டிய நாட்டுப் பகுதியை மலகூடம் என்று குறிப்பிட்டு, பழைய விகாரைகள் பலவும் சுவர் மட்டும் மிஞ்சிக் கிடக்கின்றன, நிகண்டர்கள் எனப்படும் சமணத் துறவிகள் ஏராளம், முத்து வியாபாரம் பெரிது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நேரில் வந்து எழுதினாரா, காஞ்சியில் கேட்டு எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்தத் துறவிகள் தங்கிய மலைகளைப் பார்த்தே தீர வேண்டும் என்று இவர் வந்துவிட்டார்.

மாங்குளம் கல்வெட்டுகளை 1882-ல் ராபர்ட் சூவல் என்ற ஆங்கிலேய அதிகாரி வெளியே கொண்டுவந்தார். அதில் பாண்டிய ராஜா நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1965-ல் வாசித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். இங்கே ராஜா பெயரும் உண்டு, வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவின் பெயரும் உண்டு. பிள்ளைகளிடம் இரண்டையும் சொன்னேன். ராஜாவை விட்டுவிட்டு, "நிகமத்துல எத்தனை பேர் டீச்சர்? சீட்டு மாதிரி காசு பிரிச்சாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். நான் அதை இந்தியில் சொன்னதும் அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அரிட்டாபட்டிக்கும் போனார். குடைவரைச் சிவன் கோயிலில் இருக்கும் லகுலீசர் உருவத்துக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். லகுலீசர் சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவர், குஜராத்தில் காரோகணத்தில் தோன்றியதாகச் சொல்லப்படுபவர். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அரிட்டாபட்டிப் பக்கத்தை ஏலம் விட்டபோது எங்கள் ஊர்கள் எல்லாம் திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் உங்களுக்குத் தெரியும். இந்த மலைகளின் அருமை படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

*

ஜவுளி வியாபாரம். கொழும்புக்குப் போய்வருவேன், அதனால் சொல்கிறேன்.

கொழும்பு அருங்காட்சியகத்தில், காலி என்ற இலங்கைத் துறைமுக நகரத்தில் கிடைத்த மும்மொழிக் கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409-ஆம் வருஷத் தேதி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற அந்த ஊர்ப்பக்கத்துச் சாமிக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியலே இருக்கிறது. 1911-ல் ஒரு சின்னப் பாலத்துக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததைத்தான் எடுத்தார்கள். அங்கே ஒரு ஜப்பானிய அறிஞர் தமிழ்ப் பகுதியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல தமிழ். மதுரை என்றதும், "அழகர் மலை போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அறுவை வணிகன் ஒருவர் பெயர் அங்கே இருக்கிறது, நீங்கள் ஜவுளிக்காரர், அவசியம் போங்கள் என்றார். இன்னும் போகவில்லை. கார்க்கார அண்ணன் வழி சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுவேன்.

*

கார் ஓட்டுநர்தான் மறுபடியும்.

வாங்கண்ணே. அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகும் ரோட்டில் கிடாரிப்பட்டி. ஊருக்குள் கேட்டால் சின்னப் பையன்கூடப் படுக்கை எங்கே என்று காட்டிவிடுவான். நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள், டார்ச்சும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் தேய்த்துவிடாதீர்கள். ஏற்கெனவே வருகிறவர்கள் பாறையில் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தாலே வயிறு எரிகிறது. அறுவை வணிகன் வரியைக் கண்டுபிடித்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், யாழ்ப்பாணத்து அம்மாவுக்கும் அனுப்பி வைக்கிறேன்.