குரல் நகல் அழைப்பு: ரகசியச் சொல் மட்டும் போதுமா?

கேள்வி: ஏஐ மூலம் உறவினர் குரலை நகலெடுத்து "பணம் அனுப்பு" என்று வரும் மோசடி அழைப்பில் ஏமாறாமல் இருக்க, அழைப்பவரிடம் கேட்டுச் சரிபார்க்கக் குடும்பத்துக்குள் ரகசியச் சொல் வைத்தால் போதுமா? இணையத்தில் உள்ள நம் குரல் பதிவுகளையும் நீக்க வேண்டுமா?

பதில் 1: நீக்குவதில் பெரிய பலன் இல்லை. 2023-இல் மைக்ரோசாஃப்ட் காட்டிய வால்-இ (VALL-E) என்ற ஏஐக்கு, ஒருவர் குரலை நகலெடுக்க 3 விநாடிப் பதிவே போதுமானதாக இருந்தது. சொல் வையுங்கள். ஆனால் நாய்க்குட்டியின் பெயர், பிறந்த ஊர் எல்லாம் வேண்டாம். அவை சமூக வலைத்தளத்திலேயே கிடைத்துவிடும். தொடர்பில்லாத மூன்று சொற்கள் நல்லது: "ஏணி, எலுமிச்சை, மேளம்" மாதிரி. நேரில் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால், கணக்கு பறிபோகும் அன்று சொல்லும் சேர்ந்து போகும்.

பதில் 2: பதற்றத்தில் சொல்லைக் கேட்கவே மறந்துவிடுவார்கள், அதுதான் பெரிய ஓட்டை. உடனே துண்டித்துவிட்டு, ஏற்கெனவே சேமித்து வைத்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

பதில் 3: உறவினரின் எண்ணையே திருடன் தன் சிம்முக்கு மோசடியாக மாற்றியிருந்தால் திரும்ப அழைப்பதும் திருடனிடமே போய்ச் சேரும். அதனால் இரண்டாவது ஆள் ஒருவரிடமும் விசாரியுங்கள். ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து அத்தென்டிகேட்டர் செயலிக்கு (ஃபோனிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலி) மாற்றுங்கள். வங்கியில் குரலே கடவுச்சொல்லாக இருந்தால், இன்றே அணைத்துவிடுங்கள்.