மனை போடும் நிலத்தில் தாழி விளிம்பு: யாரிடம் சொல்வது?

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் புஞ்சையை வீட்டுமனையாகப் பிரிக்கிறார்கள். ரோடு போட ஜேசிபி மண்ணை வழித்ததில் கருப்பு சிவப்பு ஓடுகளோடு முதுமக்கள் தாழி ஒன்றின் தடித்த விளிம்பும் தெரிகிறது. மழைக்கு ஓடு மேலே வருவது இங்கே புதிதில்லை, தாழி இப்போதுதான்.

பட்டா நிலம். பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் பக்கத்தில் இல்லாததால் சின்னத்தைச் சுற்றிக் கட்டடம் கட்டக்கூடாது என்கிற 100 மீட்டர் தடை இங்கே பொருந்தாது. 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதலாம்தான். ஆனால் புதையல் என்று பேச்சு கிளம்பினால் ராத்திரியே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும்!

மனுவை முதலில் கலெக்டருக்குக் கொடுப்பதா, மாநிலத் தொல்லியல் துறைக்கா? வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. மண் வழிக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர் கூடவே நின்று பார்த்துப் பதிவு செய்தால் போதும். எதையும் எடுக்காமல், அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வாய்க்கால் தோண்டுகிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள்.