லண்டனில் 50 இருக்கை பப் தியேட்டரில் தமிழ் நாடகம்: கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

அரிதாரம் எழுதியது:

வணக்கம். 80 நிமிடத் தமிழ் நாடகம் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒன்பது நடிகர்கள், அதில் இருவர் சிறுவர்கள் (11, 13 வயது). மேடையிலேயே ஒருவர் மத்தளம் வாசிக்கிறார். தொடக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றும் காட்சி. பள்ளிக்கூட ஹாலை விட்டுவிட்டு, வெஸ்ட் எண்டுக்கு (பெரிய வணிக அரங்குகள் உள்ள பகுதி) வெளியே உள்ள சின்ன அரங்கு ஒன்றில் ஆறு காட்சிகள் போடலாம் என்று யோசனை. தமிழ் தெரியாதவர்களும் வரவேண்டும், அதனால் ஆங்கில சர்டைட்டில் (வசனத்தின் மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டுவது) உண்டு.

எந்த மாதிரி அரங்கைத் தேடலாம்? வாடகை நல்லதா, வசூல் பங்கு நல்லதா? மேடை, விளக்கு விஷயத்தில் எங்கே மாட்டிக்கொள்வோம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கடைசிவரிசை எழுதியது:

முதலில் 'வெஸ்ட் எண்டுக்கு வெளியே' என்பதில் உள்ள ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நியூயார்க்கில் இருக்கைக் கணக்குதான் எல்லை: 500க்கு மேல் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப்-பிராட்வே, அதற்கும் கீழே ஆஃப்-ஆஃப். லண்டனில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஜெர்மின் ஸ்ட்ரீட் தியேட்டர் வெஸ்ட் எண்டிலேயே, பிக்காடில்லி பக்கத்தில் இருக்கிறது, ஆனால் 70 இருக்கைதான். அங்கே கழிப்பறைக்கு மேடையைக் கடந்துதான் போகவேண்டும், அதனால் நாடகம் நடக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது. சின்ன அரங்கு என்றால் இதெல்லாம் சேர்த்துத்தான்.

உங்களுக்குப் பொருந்துவது மூன்று வகை. ஒன்று, பப் மாடி அரங்குகள்: ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஃபின்பரோ (50 இருக்கை), பேட்டர்ஸியில் தியேட்டர்503, இஸ்லிங்டனில் ஓல்ட் ரெட் லயன். இந்த வகைக்கு வழிகாட்டி 1970இல் டான் க்ராஃபோர்ட் தொடங்கிய கிங்ஸ் ஹெட். அது 2024இல் பப்பின் பின்னாலேயே புதிய அரங்குக்குப் போய்விட்டது. புஷ் தியேட்டரும் 1972இல் பப் மாடியில் பிறந்ததுதான், 2011இல் பழைய நூலகக் கட்டடத்துக்கு மாறியது. இரண்டாவது, டால்ஸ்டனில் ஆர்கோலா மாதிரி பழைய தொழிற்சாலைக் கட்டட அரங்குகள். மூன்றாவது, எர்ல்ஸ்ஃபீல்டில் உள்ள டாரா தியேட்டர். 1977இல் தொடங்கிய தெற்காசியக் குழுவின் சொந்த அரங்கு, டூட்டிங் தமிழர்களுக்கு ஒரு பஸ் தூரம்.

ஆனால் எல்லாமே காசு கொடுத்தால் கிடைக்கும் ஹால் என்று நினைக்காதீர்கள். பல அரங்குகளில் கலை இயக்குநர் (நாடகங்களைத் தேர்ந்தெடுப்பவர்) பிரதியைப் படித்துத்தான் தேதி கொடுப்பார். ஃபின்பரோ புதிய நாடகங்களையும், லண்டன் மேடையில் 25 வருடமாவது காணாத பழைய நாடகங்களையும்தான் எடுக்கும். ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரதி முழுதாக இல்லாமல் கதவைத் தட்டாதீர்கள், சுருக்கம் மட்டும் அனுப்பினால் யாரும் பதில்கூடப் போடமாட்டார்கள். தேதி நெகிழ்வாக இருந்தால் ஆகஸ்டில் நடக்கும் கேம்டன் ஃப்ரிஞ்ச் நாடக விழாவையும் பாருங்கள். புதுக் குழுவுக்குச் சுலபமான வாசல் அது. ஆனால் கொடுக்கும் நேரத்துக்குள் அடங்க உங்கள் 80 நிமிடத்தைக் கத்தரிக்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருகிறேன். உதாரணக் கணக்கு: 50 இருக்கை, 6 காட்சி, 300 டிக்கெட். சலுகை டிக்கெட் எல்லாம் போக சராசரி 15 பவுண்ட் என்று வையுங்கள்.

அரங்கு 60 சதவீதம் நிரம்பினால் 180 டிக்கெட், வசூல் 2,700. வார வாடகை 1,800 என்றால் கையில் 900. வசூல் பங்கு 60:40 (குழுவுக்கு 60) என்றால் 1,620. ஆனால் பெரும்பாலும் பங்கோடு ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் சேர்ந்தே வரும். அது 1,200 என்றால் அரங்கின் பங்கான 1,080 அதற்குக் கீழே போய்விடுகிறது. அவர்கள் 1,200 எடுப்பார்கள், உங்களுக்கு 1,500.

35 சதவீதம்தான் நிரம்பினால் 105 டிக்கெட், வசூல் 1,575. வாடகை முறையில் 225 கைநட்டம். சுத்தப் பங்கு முறையில் 945. உத்தரவாதம் உள்ள முறையில் 375. செட், இன்ஷூரன்ஸ், ஒத்திகை இடம் எல்லாம் இதற்குள்ளிருந்துதான். முதல் தடவை போடுகிற குழு உத்தரவாதத் தொகையைக் குறைக்கப் பேரம் பேசுவதே மேல், சதவீதத்தில் மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஆள் கணக்கையும் கேளுங்கள். தீயணைப்பு விதிப்படி அறைக்கு ஒரு மொத்த எண்ணிக்கை இருக்கும். சில இடங்களில் நடிகர்களும் அதில் அடக்கம். மொத்தம் 60 என்றால் உங்கள் ஒன்பது பேரும் விளக்கு, சர்டைட்டில் இயக்குபவர்களும் போக 49தான். மடியில் உட்காரும் குழந்தையும் ஒரு தலை.

---

பதினைந்து_ஆம்பியர் எழுதியது:

அண்ணன் சொன்ன பணக் கணக்கு சரி. நான் மேடையைப் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி: அன்று அதே மேடையில் வேறு நாடகம் உண்டா? பல சின்ன அரங்குகளில் ஒரே இரவில் இரண்டு காட்சி நடக்கும். முதல் குழு 8.40க்கு முடித்தால் இரண்டாவது குழு 9க்குத் தொடங்கும். இருபது நிமிடத்தில் அவர்கள் பொருளை எடுத்து, உங்கள் பொருளை வைத்து, பார்வையாளரையும் உட்காரவைக்க வேண்டும். அப்படியானால் உங்கள் செட் என்பது இரண்டு பேர் ஒரே நடையில் தூக்கிப்போகிற அளவுதான். அதற்கு மேல் எதை வடிவமைத்தாலும் முதல் நாளே கழற்றி மூலையில் சாய்த்துவிடுவீர்கள்.

பகிர்ந்த மேடையில் விளக்குகளின் பொது அமைப்பைத் தொட விடமாட்டார்கள். உங்களுக்கென்று நாலைந்து 'ஸ்பெஷல்' விளக்குகளைத் திருப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கூரை தாழ்வு என்பதால் லென்ஸ் கோணம் முக்கியம். 2.5 மீட்டர் தூரத்திலிருந்து 19 டிகிரி புரொஃபைல் (கூர்மையான வட்ட ஒளி போடும் விளக்கு) போட்டால் 85 சென்டிமீட்டருக்கும் குறைந்த வட்டம்தான் விழும். நடிகர் ஒன்றரை அடி நகர்ந்தால் முகம் இருட்டு. 36 டிகிரி என்றால் 1.6 மீட்டர், 50 டிகிரி என்றால் 2.3 மீட்டர். அந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் கண்குழி கறுத்துவிடும். முன்னாலிருந்து 45 டிகிரிக்கு இடமில்லை என்றால், பக்கவாட்டில் தலை உயரத்தில் இரண்டு விளக்கு வையுங்கள்.

மின்சாரம்: இங்கே மேடை விளக்குகளுக்கு உருண்டைக் கால் 15 ஆம்பியர் பிளக். டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒரு சேனலுக்கு 10 ஆம்பியர், அதாவது 2.3 கிலோவாட். 1 கிலோவாட் விளக்கு இரண்டு தாங்கும், மூன்றாவதைச் செருகினால் ட்ரிப். நீங்கள் கொண்டுவரும் எல்இடி விளக்கை எக்காரணம் கொண்டும் டிம்மர் சேனலில் செருகாதீர்கள். அது கூட்டிக் குறைக்காத மின்சாரம் கேட்கும் சாமான், டிம்மரில் போட்டால் அதன் பவர் சப்ளை கருகலாம். தனி லைனில் கொடுத்து, டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) முகவரியை அரங்கின் எண்களோடு மோதாமல் வைக்கவேண்டும்.

டெக் ஒத்திகைக்கு (விளக்கு, ஒலியோடு பார்க்கும் ஒத்திகை) நாலு மணி நேரம் கொடுத்தால் அதிர்ஷ்டம். ஒரு க்யூவுக்கு (விளக்கோ ஒலியோ மாறும் இடம்) நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் நாலு மணி நேரத்துக்கு 60 க்யூதான். ஒலி, சர்டைட்டிலை வீட்டிலேயே க்யூலேப் மென்பொருளில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அது மேக்கில் மட்டும்தான் ஓடும் என்பதை மறந்து விண்டோஸ் லேப்டாப்போடு போய் நிற்காதீர்கள்.

மத்தளம்: கீழே பப், மேலே மரத்தளம். மத்தளமும் சலங்கை கட்டிய காலும் கீழே பாரில் அப்படியே கேட்கும். கீழே கால்பந்து ஓடினால் அந்தக் கூச்சல் மேலே உங்கள் மௌனக் காட்சிக்குள் விழும். உங்கள் வாரத்தில் எந்த நாள் பெரிய மேட்ச் என்று பார்த்துவிட்டுத் தேதி எடுங்கள். மத்தளத்துக்குக் கீழே தடித்த ரப்பர் பாய் போட்டால் அதிர்வு ஓரளவு அடங்கும்.

---

அரிதாரம் எழுதியது:

ரொம்ப நன்றி. எங்கள் செட்டில் முழு 8×4 ப்ளைவுட் பலகைகள் மூன்று நிற்கின்றன, வீட்டுச் சுவர் மாதிரி. அதற்கும் விளக்குக்கும் என்ன செய்யலாம்? நிஜத் திரி எரிந்தால்தான் அந்தக் காட்சி நிற்கும்.

---

பதினைந்து_ஆம்பியர் எழுதியது:

8×4 என்றால் 2.44 × 1.22 மீட்டர். பப் மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்பாது. படி அகலம், திருப்பத்தின் மேல் உயரம், கதவு அகலம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிட்டுப் பலகையை வெட்டுங்கள். இரண்டடி அகலமாக இரண்டாக வெட்டி, பின்பக்கம் ஊசி கழற்றும் கீல் போட்டால் மேலே போய்க் கோர்த்துக்கொள்ளலாம். மரத்துக்கும் துணிக்கும் தீத்தடுப்புப் பூச்சு அடித்த சான்றைக் கேட்பார்கள். பூசிய டப்பாவையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எரியும் திரிக்கு அரங்கின் எழுத்து அனுமதி வேண்டும். வெறும் 'விளக்கு ஏற்றுவோம்' என்று கேட்டால் முடியாது என்பார்கள். ஆபத்து மதிப்பீட்டுத் தாளில் விவரமாக எழுதுங்கள்: எத்தனை முகம், எவ்வளவு எண்ணெய் (ஒரு டீஸ்பூன் போதும்), விளக்கு கவிழாமல் தட்டில் எப்படிப் பொருத்தியிருக்கிறது, எத்தனை நிமிடம் எரியும், யார் அணைப்பார், தீப்போர்வையோடு யார் எங்கே நிற்பார், சேலைத் தலைப்பு எப்படிச் செருகப்பட்டிருக்கிறது. அஞ்சு முகத்தில் ஒரு முகம் மட்டும் நிஜத் திரி, மற்றவை எல்இடி என்றால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். சாம்பிராணி, கற்பூரம் இரண்டையும் மறந்துவிடுங்கள். புகை உணர்வி கூவினால் பப்பையும் சேர்த்து வெளியே அனுப்புவார்கள்.

---

மூன்றாம்மணி எழுதியது:

சர்டைட்டில் பற்றி ஒருத்தரும் விளக்கமாக் கதைக்கேல்லை, ஆனா தமிழ் நாடகம் அடிவாங்கிற இடம் அதுதான்.

எங்கட வசனத்தில வினை கடைசியில வரும். பகிடியின்ர அடியும் (சிரிப்பு வாற சொல்) கடைசியில. ஆங்கிலத்தில அது முன்னுக்கே வந்திடும். முழு வசனத்தையும் ஒரே ஸ்லைடில போட்டால் நடிகர் வாய் திறந்து அரைவாசி சொல்ல முன்னமே ஆங்கிலம் வாசிக்கிற ஆக்கள் சிரிச்சு முடிச்சிடுவினம். பிறகு தமிழாக்கள் சிரிப்பினம். ஒரு பகிடிக்கு இரண்டு சிரிப்பு, நடிகருக்குத் தாளம் பிழைச்சிடும். மருந்து: அடியை மட்டும் தனி ஸ்லைடாப் பிரிச்சு, அந்தச் சொல் வாயில வாற நேரம் அழுத்திறது. சோகக் காட்சிக்கும் இதே விதி.

ஒரு ஸ்லைடுக்கு இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து, அதுக்கு மேல போடாதேங்கோ. 80 நிமிசத்துக்கு 600 ஸ்லைடு வரும். முழு வசனத்தையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, மூன்றில் ஒன்றைத் துணிஞ்சு வெட்டலாம். 'ஐயோ', 'என்னடா' எல்லாம் முகத்திலேயே தெரியும். அழுத்திற ஆள் தமிழ் தெரிஞ்சவரா, கடைசி இரண்டு கிழமை (வாரம்) ஒத்திகைக்கு வந்தவரா இருக்கவேணும். நடிகர் ஒரு பக்கம் தாண்டிப் போனால் குதிக்கிறதுக்கு, காட்சிக்கு ஒரு இலக்கம் எழுதின தாள் பக்கத்தில இருக்கவேணும்.

புரொஜெக்டர் காட்டிற கறுப்பு, கறுப்பில்லை. முழு இருட்டில சாம்பல் பெட்டி ஒன்று சுவரில நிக்கும். லென்ஸுக்கு முன்னால மூடி வைச்சு, விளக்கு அணையிற நேரம் மூடுங்கோ. எழுத்து தூய வெள்ளையில வேண்டாம், வெளிர்சாம்பல் போதும். இல்லாட்டி முன்வரிசையில இருக்கிற ஆக்கள் நடிகரின்ர முகத்தைப் பார்க்கமாட்டினம்.

தாமதமா வாறவைக்கு உள்ள விட இடமில்லை என்று டிக்கெட்டிலேயே தமிழில எழுதுங்கோ. பள்ளிக்கூட ஹாலில 6.30 என்றால் 7.15க்கு வாற பழக்கம் எங்கட சனத்துக்கு. இங்க வாசலே மேடையில திறக்கும்.

---

கோப்புக்காரி எழுதியது:

காகித வேலையில் விடுபட்டவை.

சிறுவர்கள்: 11 வயதுப் பிள்ளைக்கும் 13 வயதுப் பிள்ளைக்கும் அவரவர் வசிக்கும் கவுன்சிலின் நிகழ்ச்சி உரிமம் தேவைப்படலாம். 21 நாளுக்குக் குறைவாக விண்ணப்பித்தால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சம்பளமில்லாமல், பள்ளி விடுப்பு எடுக்காமல், ஆறு மாதத்தில் நாலு நாளுக்குள் நடித்தால் உரிமம் வேண்டாம். உங்களுக்கு ஆறு காட்சி என்பதால் அது பொருந்தாது. அப்பா அம்மா கூட இல்லையென்றால் கவுன்சில் அங்கீகரித்த பாதுகாவலர் கட்டாயம். பங்கிட்டு நடிக்க இரண்டு ஜோடிச் சிறுவர்களைத் தயார் செய்தால், ஆளுக்கு மூன்று நாள்தான் ஆகும்.

நாடகத்துக்குத் தனி உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். 500 பேருக்குள், காலை 8 முதல் இரவு 11க்குள் என்றால் 2013 முதல் தேவையில்லை.

பாட்டு: காட்சிக்கு முன் ஒலிக்கும் பாட்டு பொதுவாக அரங்கின் இசை உரிமத்தில் அடங்கும். நாடகத்துக்குள் சினிமாப் பாட்டு வந்தால் தனி. பாட்டின் பெயர், இசையமைப்பாளர், எத்தனை நொடி என்று பட்டியல் போட்டு அரங்கிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

கடைசிவரிசை கணக்கில் ஒரு திருத்தம். பங்கு பிரிப்பது வாட் (மதிப்புக்கூட்டு வரி) கழித்த பிறகா, முன்பா என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கழித்த பிறகு என்றால் 15 பவுண்டில் 2.50 முதலிலேயே போய்விடும். 2,700 என்பது 2,250 ஆகிவிடும், உங்கள் 60 சதவீதம் 1,350தான். அரங்கு உங்கள் சார்பில் விற்கும் முகவர் என்றும், உங்கள் குழு வாட் பதிவுக்குக் கீழே என்றும் இருந்தால் இந்தப் பிடித்தம் வராமல் போகலாம். கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. 1968 நாடகச் சட்டப்படி, புதிய நாடகத்தின் முதல் பொதுக் காட்சி நடந்து ஒரு மாதத்துக்குள், மேடையில் பயன்பட்ட பிரதியின் நகல் ஒன்றை பிரிட்டிஷ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சின்ன அரங்கு, ஆறே காட்சி என்றாலும் பொருந்தும். சர்டைட்டில் தாளை அனுப்பிவிடாதீர்கள், நடித்த தமிழ்ப் பிரதியை அனுப்புங்கள்.