காஸ்பிளே பக்கத்துக்குச் சொந்தப் பெயரா, வேறு பெயரா?

ஊசிநூல்:
போன தடவை சென்னை காமிக் கான் விழாவுக்கு 'டீமன் ஸ்லேயர்' அனிமே நாயகன் தஞ்சிரோ மாதிரி காஸ்பிளே, அதாவது கதாபாத்திர வேஷம், போட்டுப் போயிருந்தேன். அந்தப் பச்சை, கறுப்புக் கட்டம் போட்ட ஹவோரிக்கு (ஜப்பானிய மேலங்கி) துணி எங்கேயும் கிடைக்காமல், கடைசியில் பச்சை பாப்ளின் வாங்கி, அட்டையில் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். மூன்று ராத்திரி. கேட்காமலே யாரோ எடுத்த படம் சுற்றிச் சுற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து, பெரியப்பா "லுங்கிய ஏன்டா தோள்ல போட்டிருக்க" என்று கேட்டுவிட்டார். அது பரவாயில்லை, ஆபீசிலும் பார்த்துவிட்டார்கள். இப்போது இன்ஸ்டாவில் தனிப் பக்கம் தொடங்கப் போகிறேன். புனைபெயர் வைத்தால் ஒளிந்துகொள்கிற மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

மறுகரை:
இதில் ஒளிய என்ன இருக்கிறது? ஜப்பானில் காஸ்பிளேக்கென்றே வைத்துக்கொள்ளும் பெயரை 'கோஸுநேமு' என்பார்கள், அதை அச்சடித்த அட்டையைக் கொடுத்துத்தான் பலரும் அறிமுகமாகிறார்கள். டோக்கியோ பிக் சைட் அரங்கில் நடக்கும் காமிகெட் காமிக்ஸ் சந்தைக்கு வேஷத்தோடு வரக்கூடாது, வேஷத்தோடு வீட்டுக்குப் போகவும் கூடாது, அங்கேயே உடைமாற்றும் அறையில் மாற்றி, கிளம்பும்போது கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். பெயரையும் அப்படிக் கழற்றி வைத்துவிட்டு ஆபீஸ் போங்கள். அப்புறம், அங்கே கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். உங்களை எடுத்தவர்தான் கூச்சப்பட வேண்டும்.

ஃபோம்கவசம்:
நான் சொந்தப் பெயர்தான். ஈவா ஃபோம் ஷீட்டில் கவசம் செய்து விற்கிறேன், ஹீட் கன் பட்டு விரல் கொப்புளிப்பதெல்லாம் என் பெயரிலேயே இருக்கட்டுமே. புனைபெயர் வைத்த நண்பன் ஒருவன் முதல் ஆர்டருக்கு ஜிபே எண் கொடுத்தான், பணம் போடும்போது அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் வந்து நின்றது. தீர்ந்தது ரகசியம்!

பாதிராத்திரி:
பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் ஆளைத்தான் பார்ப்பார்கள். அனிமே உருவத்தில் யூடியூப் வீடியோ போடும் விடியூபர் கிசுனா ஐ 2016இல் வந்தபோது குரல் யாருடையது என்று சொல்லவே இல்லை, 2020இல்தான் அறிவித்தார்கள். ஆனால் நடுவில் 2019இல் அதே உருவத்துக்கு வேறு குரல்களையும் சேர்த்ததும் ரசிகர்கள் எவ்வளவு கொதித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பெயர் தெரியாத ஆளுக்காகத்தான் அத்தனை சண்டையும். அதனால் புனைபெயரே வைங்க.

ஊசிநூல்:
சரி, முடிவு பண்ணியாச்சு. ஜிபே விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை. 'தோள்லுங்கி' என்று தேடிப் பார்த்தேன், இன்னும் யாரும் எடுக்கவில்லை. பெரியப்பாவிடம் சொல்லவில்லை.