எக்ஸ் விழுந்தபின் கீபோட் செத்துக் கிடக்கிறது, பிளக்கைப் பிடுங்காமல் வழி இருக்கா?

கொட்டாஞ்சேனை_அச்சு:
சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்ட்டும் வரும், ஆனால் கூடுதலாக 31ஆம் நாள் நினைவு மலர்தான். பக்கம் கட்டுகிற பழைய கம்பியூட்டரில் உபுண்டு லினக்ஸ். லொகின் திரை வைக்கவில்லை. எழுத்து மட்டும் வருகிற கறுப்புக் கன்சோலில் ஸ்டார்ட்எக்ஸ் அடித்துத்தான் எக்ஸைத் (ஜன்னல்களையும் படங்களையும் திரையில் காட்டுகிற புரோகிராம்) தொடங்குவேன்.

வியாழன் இரவு ஒரு ஐயாவின் மலர். உள் டிஸ்க் நிரம்பிவிட்டதால், ஸ்கேன் செய்த குடும்பப் படங்களை இரண்டாவது கன்சோலில் இருந்து வெளி டிஸ்குக்கு நகர்த்த விட்டிருந்தேன். அட்டைப்படத்தைப் பெருப்பித்ததும் எக்ஸ் விழுந்தது. ஐயாவின் முகம் பாதி திரையில் அப்படியே நின்றது. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அடித்தும் இரண்டாவது கன்சோலுக்குப் போகவில்லை. கீபோட்டை மீட்க ஆல்ட்டும் பிரின்ட் ஸ்கிரீனும் அழுத்திக்கொண்டு ஆர் (R) தட்டினேன், அதுவும் இல்லை. கேப்ஸ் லொக் விளக்குக்கூட எரியவில்லை. வெளி டிஸ்கின் நீல விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. மெஷின் செத்துவிட்டது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

பதினொரு படம் போய்விட்டது. அந்த வீட்டில் போய் ஆல்பத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தது. இனி ஒருக்காலும் அப்படி நடக்கக்கூடாது. வேறு என்ன செய்திருக்கலாம்?

வெள்ளவத்தை_6:
அண்ணை, மெஷின் சாகவில்லை. அந்த நீல விளக்கு உண்மையைச் சொன்னது.

எக்ஸ் ஓடும்போது கன்சோல் கீபோட்டைக் கர்னலிடம் (லினக்ஸின் அடிமையம்) இருந்து தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். கேப்ஸ் லொக் விளக்கை ஏற்றுவதும், எஃப்2க்குத் தாவுவதும் அப்போது எக்ஸின் வேலை. ஒழுங்காக மூடினால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். திடீரென்று விழுந்தால் கீபோட் அந்த நிலையிலேயே கிடக்கலாம், திரையும் கிராபிக்ஸ் நிலையிலேயே நிற்கலாம். லொகின் திரை இருந்தால் அது எக்ஸைத் திரும்ப எழுப்பப் பார்க்கும். ஸ்டார்ட்எக்ஸில் அதற்கு ஆளில்லை.

ஆர் ஏன் வேலை செய்யவில்லை? ஆல்ட்+பிரின்ட் ஸ்கிரீனை மந்திர விசை என்பார்கள்; அது எதையெல்லாம் செய்யலாம் என்று உபுண்டுவில் வைத்திருக்கிற எண் 176. அதாவது 128+32+16: ரீபூட், டிஸ்கை வாசிக்க மட்டும் என்று மாற்றல், டிஸ்கில் எழுதி முடித்தல். கீபோட்டை மீட்கிற 4 அதில் இல்லை. கர்னலின் சிஸ்சிடிஎல் (sysctl) அமைப்பில் அதை 180 ஆக்குங்கோ, ஆர் வேலை செய்யும். ஆனால் அன்றைக்கே ஆர் இடத்தில் எஸ் (எழுதி முடி), பிறகு யூ (வாசிக்க மட்டும்), பிறகு பி (ரீபூட்) என்று இரண்டிரண்டு செக்கன் விட்டுத் தட்டியிருந்தால், எழுதாமல் நின்ற படங்கள் டிஸ்கில் இறங்கியபின் ரீபூட் ஆகியிருக்கும். இதை எழுதவே மனம் நோகுது.

அதைவிட நல்ல வழி போன். வேறு கருவியில் இருந்து உள்ளே வர விடுகிற ஓபன்எஸ்எஸ்எச் சேவையை இன்றைக்கே போட்டு வையுங்கோ. போனில் டெர்மக்ஸ் என்கிற டெர்மினல் ஆப்பால் உள்ளே போய், எக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டு நின்றால் அதைக் கில் மைனஸ் 9 (kill -9) போட்டுக் கொல்லுங்கோ. பிறகு சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) சிஎச்விடி 3 (chvt 3), அது மூன்றாவது கன்சோலுக்குத் தாவும். எக்ஸ் உண்மையில் செத்திருந்தால் கர்னல் கன்சோலைத் தானே மீட்டெடுத்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் கீபோட் நிலையை மாற்றுகிற கேபிடி_மோட், மைனஸ் எஃப், மைனஸ் யூ (kbd_mode -f -u). எஃப் இல்லாவிட்டால் அது மறுத்துவிடும்.

பம்பலப்பிட்டி_இரவு:
ஒன்று சேர்க்கிறேன். விளக்கு எரியாததும் விளக்கு அடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. கேப்ஸ் லொக் தானாக விட்டுவிட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னலே நின்றுவிட்டது. அப்போது போனாலும் உள்ளே போகமுடியாது. மற்ற நேரம் முதலில் போனில் இருந்து பிங் (மெஷின் பதில் தருகிறதா என்று நெட்வேர்க்கில் தட்டிப் பார்ப்பது) அடித்துப் பாருங்கோ. பதில் வந்தால் பிளக்கில் கை வைக்கவேண்டாம்.

கொட்டாஞ்சேனை_அச்சு:
நேற்றிரவு கடை பூட்டினபிறகு வேண்டுமென்றே எக்ஸை மைனஸ் 9 போட்டு விழுத்திப் பார்த்தேன். அதே உறைந்த திரை, அதே செத்த கேப்ஸ் லொக். போனில் சிஎச்விடி 3 அடித்தேன், கறுப்புத் திரையில் லொகின் வந்து நின்றது. இரண்டாவது கன்சோலுக்குத் தாவினேன். சோதனைக்கு விட்டிருந்த நகர்த்தல் அறுபதாவது படத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 180ம் போட்டாயிற்று. அந்த வீட்டுக்காரர் ஆல்பத்தைத் தந்துவிட்டார், ஞாயிறு திரும்ப ஸ்கேன் செய்கிறேன்.