தாமான் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டார்கள்: சொஸ்மாவில் ஜாமீனே கிடையாதா?

கேள்வி: செம்பனைக்காட்டு அத்தை

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்து லயங்களை உடைத்த பிறகு ஆளுக்கொரு மலிவு வீடு வாங்கிக் குடியேறிய தாமான் (குடியிருப்பு) எங்களுடையது. என் அண்ணன் மகனைக் குண்டர் கும்பல் வழக்கில் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ் பிடித்துப் போனார்கள். குற்றமும் சாட்டியாகிவிட்டது. அவன் யோக்கியன் என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. யார் யாரோடு சுற்றினான் என்பது வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதை நீதிமன்றம் விசாரிக்கட்டும்.

பிடித்த மறுநாளே ஒரு தமிழ் நாளிதழ் முதல் பக்கத்தில் எங்கள் தாமான் பெயரைப் போட்டு, 'குண்டர்களின் கூடாரம்' என்று எழுதிவிட்டது. படத்தில் பையன்களைத் தரையில் உட்காரவைத்து, சட்டையை இழுத்து முகத்தை மூடியிருந்தார்கள். மூடி என்ன பயன்? அவன் இடது கால் பெருவிரலில் நகம் இல்லை. செம்பனைக் குலை விழுந்து போன நகம். அண்ணி காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரரும்தான்.

எதிர்வீட்டுப் பையனுக்கும் இந்த வழக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நேர்காணலுக்குப் போனால் மைகார்டில் (அடையாள அட்டை) இருக்கும் முகவரியைப் பார்த்துவிட்டு, "பிறகு கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். மற்ற இனத்து முதலாளிகளை மட்டும் சொல்லவில்லை. நம்மவர் நடத்தும் நிறுவனத்திலும் இதே பதில்தான்.

பயங்கரவாதிகளுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டத்தில் இவர்களை எப்படி அடைக்கிறார்கள்? ஜாமீன் கேட்கவே வழி இல்லையா?

பதில்: பழைய துபாசி

அம்மா, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞர் அல்ல. சொஸ்மாவின் பட்டியலில் பயங்கரவாதம் மட்டும் இல்லை, தண்டனைச் சட்டத்தின் ஒருங்கிணைக்கப்பட்ட குற்றப் பிரிவுகளும் இருக்கின்றன. 130வி பிரிவில், கும்பலின் உறுப்பினர் என்று நிரூபித்தாலே 5 முதல் 20 ஆண்டு வரை சிறை. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது விதி. சொஸ்மாவில் போலீசே 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டிய பிறகு 13ஆவது பிரிவு வந்து ஜாமீனை மறிக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர், பெண், நோயுற்றவர் அல்லது உடல் நலிந்தவர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. பையனுக்கு நோய் ஏதும் உண்டா?

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுதும் அவசரகாலம். அது முடிந்த கையோடு 1960இல், விசாரணையின்றி அடைத்துவைக்கும் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். 2012இல் இசா போனது, சொஸ்மா வந்தது. நடுவே 2011இல், குண்டர்களை உள்ளே தள்ளப் பயன்பட்ட 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தில், அப்போது நம் தொகுதி எம்.பி.யாக இருந்த டாக்டர் ஜெயகுமாரையே அடைத்தார்கள். மாதக்கணக்கில் க்ளினிக் வாசலில் காத்திருந்து அவரிடம் மருந்து வாங்கிய ஊர் இது.

பதில்: மார்க்கெட் மளிகை

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். என் கடைக்கு மாதம் பிறந்தால் இரண்டு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள். கொடுக்காத மாதத்தில் ஷட்டர் பூட்டில் பசையை ஊற்றிவிட்டுப் போனார்கள். புகார் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இவர்களை ஜாமீனில் விட்டால் சாட்சி சொல்ல யார் வருவார்? தாமான் பெயரைக் கெடுத்தது பத்திரிகையா, பையன்களா?

பதில்: முன்னாள் நிருபர்

மளிகைக்காரர் சொல்லும் பயம் உண்மையானது. ஆனால் சாட்சியை மிரட்டுவார் என்று காட்டினால், சாதாரணச் சட்டத்திலேயே நீதிபதி ஜாமீனை மறுக்கலாம். சொஸ்மா அந்த நீதிபதியையே வேண்டாம் என்கிறது.

பத்திரிகை விஷயம். நிருபர் அனுப்புவது போலீஸ் சொன்ன நாலு வரி. தலைப்பு ஆசிரியர் மேசையில் பிறக்கிறது. ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊரில் கூடுதலாக விற்கும். 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோதும் இப்படித்தான். குண்டர் கும்பல்களுக்கு எதிரான போலீசின் ஆப்ஸ் சந்தாஸ் நடவடிக்கையில் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று தினமும் போட்டோம், எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். அப்போது நம் சமூகமே கொதித்தது. 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பும் சொன்னார். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்கைக் கைவிட்டார். நாமும் அந்தச் சட்டத்தை எதிர்ப்பதைக் கைவிட்டோம். தாமான் பையனுக்காக எந்த மண்டபத்தில் கூட்டம் போட்டோம்? ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) உள்ளே போனால் அது மனித உரிமை, லயத்துப் பையன் போனால் தொல்லை விட்டது என்று இருந்துவிடுகிறோம்.

28 நாள் பிரிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். 2022 மார்ச்சில் மக்களவையில் ஆதரவு 84, எதிர்ப்பு 86, தோற்றுப்போனது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள். 2027இல் திரும்பவும் வரும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: செம்பனைக்காட்டு அத்தை

மளிகைக்கார அண்ணே, உங்கள் பூட்டில் பசை ஊற்றியவன் என் அண்ணன் மகன்தான் என்றால் அதற்குரிய தண்டனை கொடுக்கட்டும். விசாரித்துவிட்டுக் கொடுக்கட்டும். எதிர்வீட்டுப் பையன் எந்தப் பூட்டில் என்ன ஊற்றினான்?

துபாசி ஐயா, அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறான். அட்டை அண்ணியிடம் இருக்கிறது.

பதில்: பழைய துபாசி

அப்படியென்றால் அந்த அட்டையையும் குற்றச்சாட்டுத் தாளையும் இரண்டு நகல் எடுங்கள். மருத்துவரிடம் முத்திரையோடு அறிக்கை கேளுங்கள். அட்டை மட்டும் போதாது. வழக்கறிஞர் இல்லையென்றால் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். ஜாமீன் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், நீதிபதி முன் மனு போட ஒரு வழி இருக்கிறது. சிறையில் மருந்து கொடுக்கிறார்களா என்பதை அடுத்த சந்திப்பில் முதலில் கேளுங்கள்.