தரைத்தள வீட்டில் முதியவருடன் இருக்கிறோம். வெள்ளத்துக்கு முன் எதை முதலில் செய்வது?

கேள்வி

வணக்கம். நாங்கள் தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். பிறர் துணையின்றி நடக்க இயலாத என் தாயாரும் எங்களுடன் இருக்கிறார். அவர் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சென்ற மழைக்காலத்தில் நள்ளிரவில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது, மின்சாரத்தை நிறுத்துவதா, அம்மாவைத் தூக்குவதா, பத்திரங்களை எடுப்பதா என்று தடுமாறியதிலேயே அரைமணி நேரம் போய்விட்டது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் இயங்கிக்கொண்டிருந்ததை விடிந்த பின்னர்தான் கவனித்தோம். இம்முறை எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் இன்வெர்ட்டரைக் குறிப்பிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பலரும் தவறவிடுவது அதைத்தான். மெயின் சுவிட்ச் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டுமே துண்டிக்கும்; இன்வெர்ட்டர் தன் பேட்டரியிலிருந்து வீட்டு வயரிங்கிற்குத் தொடர்ந்து மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், தாழ்வாக உள்ள பிளக் பாயிண்டைத் தண்ணீர் தொட்டால் ஆபத்து அப்படியே இருக்கிறது. இரண்டையும் அணைக்க வேண்டும், அதுவும் தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் முன்பே. தரையில் ஏற்கெனவே நீர் நின்றால், அதில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. மின் வாரியத்துக்குத் தெரிவித்து, உங்கள் இணைப்பை வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். மின்பணியாளரை அழைத்து, இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மழைக்காலத்துக்கு முன்பே உயரமான தாங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, சிலிண்டரை நிமிர்த்திய நிலையிலேயே கட்டிவையுங்கள். காலியானதும் பாதி தீர்ந்ததும் நீரில் எளிதில் மிதந்து உருளும்.

மறுமொழி 2

பொருள்களைவிட உங்கள் தாயாரைப் பற்றியே எனக்குக் கவலை. நடக்க இயலாதவர் உள்ள வீட்டில், மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் கிளம்புவது தாமதம் என்றே கருதுகிறேன். வேகமாக ஓடும் நீர் வெறும் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவர்களின் காலை வாரிவிடும், 30 செ.மீ. ஆழம் சிறிய காரை நகர்த்தப் போதும். ஒருவரைச் சுமந்துகொண்டு அதைக் கடப்பதை நினைத்துப் பாருங்கள்! ஆகவே தெருவில் ஓர் அடையாளத்தை (வாசலின் முதல் படி என்று வைத்துக்கொள்ளலாம்) இப்போதே முடிவுசெய்து, நீர் அதைத் தொடும் முன்பே அவரை மேல்தளத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ கொண்டுசெல்லுங்கள். எச்சரிக்கை பகலிலேயே வந்தால் இரவுவரை காத்திருக்க வேண்டாம். அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதை ஒருமுறை ஒத்திகை பார்த்து, அண்டை வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

இன்சுலின், ஊசிகள், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, மருந்துச் சீட்டின் நகல் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குப் போதுமான அளவில் நீர் புகாத பையில் வையுங்கள். இன்சுலினைப் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டிவைக்காதீர்கள்; உறைந்துபோனால் அது பயன்படாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்வெர்ட்டரை இந்த வாரமே உயர்த்திவிடுகிறேன். நீர் வடிந்த பிறகு தரைக்கடியில் உள்ள தொட்டி நீரைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 3

கூடாது. வெள்ளநீர் கழிவுநீரோடு கலந்தே வரும் என்பதால், தொட்டி நீர் தெளிவாகத் தெரிந்தாலும் முழுவதும் வெளியேற்றி, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட பிறகே நிரப்ப வேண்டும். அதுவரை தேவைப்படும் குடிநீரை முன்பே சேமித்து வையுங்கள். சமையலுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாள்களுக்கு வேண்டும். ஐயத்துக்குரிய நீரைத் துணியால் வடிகட்டி, நன்கு கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவையுங்கள்.

வெள்ளநீர் பட்ட மருந்துகளையும் உணவையும் அப்புறப்படுத்திவிடுங்கள். நனைந்த மின்சாதனங்கள் உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், மின்பணியாளர் வயரிங்கைச் சோதித்த பிறகே மெயினைப் போடுங்கள்.